ஜன்னல் பாட்டிலில் ஒரு விசிறி

எங்கள் அடுப்பங்கரை ஜன்னலில் ஒரு மிட்டாய் பாட்டில் இருந்தது. கடையில் ஆரஞ்சு மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி வாய் அகலமான கண்ணாடி பாட்டில். அதில் கடல் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு கல், கல்லில் ஓர் உயிர். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடல் பிராணி வளர்த்தேன் என்று சொன்னால் இப்போது என் பேத்திகள் நம்புவதில்லை. அப்போதும் ஒருவர் நம்பவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கார அக்கா.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த புதிது. என் கணவர் பஸ் டிரைவர். கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி போவார், ராத்திரி அங்கேயே தங்கி மறுநாள் திரும்புவார். வீட்டுக்கார அக்கா சைவ வீட்டுக்காரர். பின்கட்டில் ஓர் அறையும் அடுப்பங்கரையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டபோது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்: "மீனு, கறி, கருவாடு, எந்தக் கவுச்சியும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. மிதிச்சா அன்னைக்கே வீட்டக் காலி பண்ணணும்." இவர் சரி என்று தலையாட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். அதை யாரும் பார்க்கவில்லை.

பார்க்காததில் எனக்கு வருத்தமில்லை. நான் அப்படித்தான். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோதுகூட வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அக்கா கிணற்றடிக்கு வருகிற சத்தம் கேட்டால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர் ஏதாவது கேட்டால் "ம்" என்பேன், இல்லாவிட்டால் "இல்லக்கா" என்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் இவர் வேஷ்டி நனைய நனைய இந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பூன்னா உசுர விடுவியே. இந்தா, கடல் பூ."

பூவைக் காணோம். பொத்தல் விழுந்த வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. அதன் மேல் விரல் நீளத்துக்கு, மண்ணும் பசையும் சேர்த்துத் திரட்டினது போல ஒரு குழாய். கல்லெல்லாம் அங்கங்கே சின்னச் சின்ன கும்பம் மாதிரி ஓடுகள்.

"எங்க பூ?"

"பொறுளா. பஸ்ல ஆடி ஆடி வந்திருக்கு. மெதுவா வரும்."

பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டுச் சோறு வைத்தேன். இவர் சாப்பிட்டு முடிக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், குழாயின் வாயில் ஒரு தூரிகை முனை. அது நீண்டது. நீண்டு, கை விசிறியை விரிப்பது போல வட்டமாக விரிந்தது. பழுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கோடு போட்ட மயிரிழைகள், இழைக்கு இழை இன்னும் மெல்லிய இழைகள். நான் வாயைத் திறந்தபடி கையை நீட்டினேன். என் கையின் நிழல் விழுந்ததோ இல்லையோ, விசிறி இருந்த இடத்தில் குழாய் மட்டும் இருந்தது.

"பாத்தியா? அது பூ இல்ல, உசுரு" என்று சிரித்தார்.

தூத்துக்குடிக் கரையில் சுண்ணாம்புக் காளவாசலுக்காக வள்ளம் வள்ளமாக முருகைக்கல் இறக்குவார்களாம். கடலுக்குள் விளைகிற கல். அப்படி இறக்கின ஒன்று தண்ணீர்த் தொட்டியில் கிடந்து விரிவதைப் பார்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறார். பாட்டில் வாய்க்குள் போகவில்லையென்று ஒரு மூலையைத் தட்டி உடைத்து, உடைந்த துண்டையும் உள்ளேயே போட்டிருந்தார். கும்பம் மாதிரி இருந்த ஓடுகளுக்குக் கொட்டலசு என்று பேராம். விசிறிக்கு என்ன பேர் என்று அங்கே கேட்டதற்கு, "கல்லோட வாரதுக்கெல்லாம் யாரு பேரு வைக்கா?" என்றார்களாம். நான் விசிறி என்றே வைத்துக்கொண்டேன்.

எனக்கு உடனே வந்த கேள்வி, இது என்ன தின்னும் என்பதுதான்.

"ஒண்ணும் திங்காதாம். தண்ணியக் குடிச்சே கிடக்குமாம். கடல் தண்ணி மட்டும் மாத்தணும்னு சொன்னாங்க" என்றார். அதனால் தூத்துக்குடி போகும்போதெல்லாம் ஒரு மண்குடத்தில் தண்ணீர் மொண்டு, வாயில் துணி கட்டி, தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவார். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும், "அண்ணாச்சி, குடத்துக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்பாராம். வீட்டுக்கு வரும்போது குடத்துக்கு வெளியே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நான் பார்க்காத கடலின் ருசி அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

பாட்டில் தண்ணீர் வற்றினால் உப்புக் கூடிவிடும் என்று எனக்கே தோன்றியது, ரசம் வற்றினால் கரிப்பது போல. பாட்டிலின் வெளிப்பக்கம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே இறங்கினால் கிணற்றுத் தண்ணீரை அந்த அளவுக்கு விடுவேன். "கடல் தண்ணி சும்மா கிடக்காதுளா, ஆடிக்கிட்டே கிடக்கும்" என்று இவர் சொன்னதால், காலையிலும் சாயங்காலமும் சிரட்டை அகப்பையால் மொண்டு மொண்டு, காபி ஆற்றுவது போல உயர்த்தி ஊற்றுவேன். பித்தளைச் செம்பை அந்தத் தண்ணீரில் போடக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. செம்பு தீட்டாகிவிடுமாம்.

ஆமாம், அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றடியை ஒட்டித்தானே அந்த ஜன்னல். காலை வெயில் கிணற்றடிப் பக்கமிருந்து ஜன்னலுக்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில்தான் விசிறி நன்றாக விரியும். அந்த நேரத்தில்தான் அக்காவும் தண்ணீர் இறைக்க வருவார்.

"என்னட்டி அது பாட்டில்ல?"

நான் உள்ளே போய்விட்டேன். இவர்தான் வெளியே போய்ச் சொன்னார்: "கடல் பூக்கா. பூ மாதிரி விரியும்."

அக்கா ஜன்னல் கம்பிக்கு வெளியே குனிந்து பார்த்தார். நிழல் விழுந்தது. விசிறி உள்ளே போய்விட்டது.

"குழாயும் கல்லும்ல கிடக்கு. பூவு எங்க?"

"இப்ப வரும்..."

"என்னமும் பண்ணுங்க. கவுச்சி நாத்தம் மட்டும் வரக்கூடாது, சொல்லிட்டேன். அந்த உப்புத் தண்ணிய என் முல்லக்கொடி மூட்டுல ஊத்தினியோ, பாத்துக்க."

அக்கா எங்கள் அடுப்பங்கரைக்குள் கால் வைத்ததே கிடையாது. கவுச்சி தின்கிறவர்கள் புழங்குகிற இடம் என்பதால் எதைப் பார்ப்பதானாலும் ஜன்னலுக்கு வெளியேதான். அதனால் அவர் எத்தனை தடவை பார்த்தாலும் அவருடைய நிழல் பாட்டில் மேல் விழும், விசிறி ஒளியும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரரைப் போய் அவர் கிணற்றடியிலேயே தள்ளி நிற்கச் சொல்வதா?

முல்லைக்கொடிக்குப் பயந்து, பழைய கடல் தண்ணீரைக் கிணற்றடி மூலையில் கிடந்த கழுத்து உடைந்த பானையில் ஊற்றினேன். பாட்டிலில் நெருக்கமாக இருந்த உடைந்த கல் துண்டையும் அதிலேயே போட்டேன். அதில் கொட்டலசு ஒட்டியிருந்ததால் தூக்கி எறிய மனம் வரவில்லை. போட்டதோடு அதை மறந்தும் போனேன்.

வேலை முடிந்ததும் பாட்டில் முன்னால் உட்காருவதுதான் எனக்குப் பொழுது. கொட்டலசை உற்றுப் பார்த்தால் ஓட்டின் உச்சி பிளந்து, உள்ளேயிருந்து குட்டிக் கை ஒன்று வெளியே வந்து தண்ணீரை வாரி இழுத்துக்கொள்ளும். மறுபடி வரும், மறுபடி வாரும். அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாததை எதற்கு இப்படி ஓயாமல் வார வேண்டும்? தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒரு வாய் குடித்தால் தாகம் தீர்ந்துவிடும். இதற்குத் தீரவே இல்லையே. பசியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் சோற்றுக் கஞ்சி கொஞ்சம் விட்டேன்.

மறுநாள் காலை பாட்டில் நுரைத்து, புளித்த வாடை அடித்தது. அக்கா கிணற்றடியில் வாளியைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, வெளிய வா!"

நான் கதவு வரை வந்தேன்.

"ஆடித்தபசுக்கு என் சம்பந்தக்காரி வாரா, புளியங்குடியில இருந்து. என் மகளுக்கு மாமியாருன்னா சும்மா மாமியாரு இல்ல, வாசல்ல நின்னே அடுப்புல என்ன கிடக்குன்னு சொல்லிருவா. அவ மூக்குல ஒரு கவுச்சி வாடை ஏறுச்சோ, என் மக அங்க போயிப் பேச்சு வாங்கணும். இன்னொரு தடவ நாறுச்சுன்னா பாட்டிலும் தெருவுல, நீங்களும் தெருவுல. வெளங்குதா?"

"ம்" என்றேன்.

இவர் அன்று இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். விசிறி பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே நினைப்பாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆனி, ஆடிக் காற்று. கடல் கலங்கிக் கிடந்ததால் குடத்தில் வருகிற தண்ணீரும் அரிசி களைந்த கழுநீர் மாதிரி மங்கலாக வந்தது. எனக்கா தண்ணீர் தெளிய வைக்கத் தெரியாது? எங்கள் ஊர் கரிசல் பூமி. ஊருணித் தண்ணீர் எப்போதும் கலங்கல்தான். தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரசி, அந்த விழுதைக் குடத்தில் கலக்கி வைத்தால் மண்ணெல்லாம் அடியில் போய்ப் படிந்து மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்ட டிரங்குப் பெட்டியில் அம்மா ஒரு பிடி தேத்தாங்கொட்டையும் முடிந்து வைத்திருந்தாள். போகிற ஊர்த் தண்ணீர் எப்படியோ என்று.

உரசிக் கலக்கினேன். காலையில் தெளிந்த தண்ணீரை மட்டும் பாட்டிலில் விட்டு, அடியில் தங்கின வண்டலை மூலைப் பானையில் கொட்டினேன். பாட்டிலுக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. அடுத்தடுத்த குடத்துக்கும் அப்படியே செய்தேன். பெருமையாக இருந்தது.

விசிறிக்குப் பெருமையாக இல்லை. முழு வட்டமாக விரிந்தது அரை வட்டமாயிற்று. இழைகள் ஒட்டின மாதிரி சுருங்கின. கொட்டலசின் கைகள் சோம்பலாக வந்து போயின, பிறகு பலது திறக்கவே இல்லை. தபசுக்குக் கோவிலில் கொடியேறின நாள் காலையில் பார்க்கிறேன், விசிறி குழாயை விட்டுக் கழன்று அடியில் கிடக்கிறது. பழுப்பு நூல் கொத்து மாதிரி. குழாய் மட்டும் மொட்டையாக நின்றது.

எனக்கு அழுகை வந்ததைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன்?

அக்கா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல. "செத்துட்டா?"

நான் அகப்பையை எடுத்துத் தண்ணீரை ஆற்றினேன்.

"செத்ததக் கொண்டு போயிக் கொட்டு, கொட்டுங்கேன். சம்பந்தக்காரி வாரதுக்குள்ள இது நாறவா?"

"நாறலக்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "செத்திருந்தா நாறும்லா. மோந்து பாருங்க."

அக்கா ஒரு நிமிஷம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து, பாட்டில் வாய்க்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார். ஆயுசெல்லாம் மீன் கூடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தவர்.

"நாறல" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா நான் தெனமும் மோப்பேன். தபசு அன்னைக்குக் காலையில இது உசுரோட இருக்கணும், என் கண்ணு பாக்கணும். இல்ல, அப்படியே தெருவுல."

அன்றைக்கு இவர் தூத்துக்குடியில். பேச ஆளில்லாமல் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சாம்பல் எடுக்க மூலைக்குப் போனபோது உடைந்த பானை கண்ணில் பட்டது. உள்ளே தண்ணீர் பச்சை பூத்து, பாசிக் குட்டை மாதிரி இருந்தது. கவிழ்த்துவிடலாம் என்று குனிந்தேன். உள்ளே அந்த உடைந்த கல் துண்டு. அதில் ஒட்டியிருந்த கொட்டலசு அத்தனையும் கையை வெளியே நீட்டி வாரிக்கொண்டிருந்தன. வாரி இழுக்கிற வேகம்! அறுவடைக்குக் கூலியாள் இறங்கின மாதிரி.

நான் அப்படியே குந்திவிட்டேன். பழைய தண்ணீர், வண்டல், வெயில், பாசி, கவனிப்பே இல்லை. அதில் இவை கொழுத்துக் கிடக்கின்றன. உள்ளே நான் தெளிய வைத்து, ஆற்றி, கோடு போட்டு வளர்த்தது மொட்டையாக நிற்கிறது. என்ன வித்தியாசம்? ஒரே கடல், ஒரே கல். வித்தியாசம் கலங்கல்தான். நான் எதை அடியில் தங்க வைத்து வெளியே கொட்டினேனோ அதுதான் அதன் சோறு. நான் தெளிந்த தண்ணீர் என்று ஊற்றினது அதற்குச் சோறு பரிமாறாத வெறும் இலை. ஒன்றும் இல்லாததை வாருகிறது என்று நினைத்தேனே, என் கண்ணுக்குத்தான் ஒன்றும் இல்லை.

பானைத் தண்ணீரை அகப்பையால் மொண்டு பாட்டிலில் விட்டேன். அதிகமாக விட்டால் கஞ்சி கதை ஆகிவிடுமோ என்று பயந்து கொஞ்சம் கொஞ்சமாக. மறுநாள் வந்த இவர் பார்த்துவிட்டு, "என்னளா, பாயசம் மாதிரி ஆக்கி வச்சிருக்க?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் நல்லாத் தெளிஞ்ச எடமாப் பாத்து மொண்டுட்டு வந்ததெல்லாம் தப்பா?"

"கரையோரமா, கலங்கலா மொண்டுட்டு வாங்க."

"கண்டக்டர் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்" என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரே கூத்து. அக்கா வருவார், கம்பிக்குள் மூக்கை விடுவார், "நாறல" என்பார், குழாயைப் பார்ப்பார், "உசுரும் இல்ல" என்பார், போவார். கொட்டலசுகள் முதலில் திறந்தன. அவற்றின் கை அக்காவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. குழாய் மட்டும் மொட்டையாகவே இருந்தது. தேர் இழுத்தார்கள், ஊரெல்லாம் கூட்டம், எனக்கு நினைப்பு ஜன்னலில். தபசுக்கு முந்தின சாயங்காலம், குழாய் வாயில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக, குட்டியாக, கோடு கூட இன்னும் விழாத வெள்ளை விசிறி ஒன்று விரிந்தது.

தபசு அன்று விடிந்ததும் அக்கா தலைக்குக் குளித்து, ஈரக் கொண்டையோடு ஜன்னலுக்கு வந்தார். சம்பந்தக்காரி முந்தின ராத்திரியே வந்து இறங்கியாயிற்று. குளித்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி? நாளு வந்துட்டு."

நிழல் விழுந்தது. குட்டி விசிறி மறைந்தது.

"குழாயும் கல்லும்தான். எடுத்துட்டுப் போயி—"

"அக்கா, அங்கன நிக்காதீங்க."

சொல்லிவிட்டு நானே பயந்தேன். அக்காவின் புருவம் ஏறியது. "என்ன சொன்ன?"

"நீங்க வெளிச்சத்த மறைக்கீங்க. நிழல் பட்டா அது உள்ள போயிரும். இத்தன நாளும் நீங்க வந்து நின்னா அது போயிருது. இப்பிடி..." வாசலைக் கையால் காட்டினேன். "இப்பிடி உள்ள வந்து பாருங்கக்கா."

அக்கா அடுப்பங்கரை வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"மீனு கீனு..."

"இந்த வீட்டுல பத்த வச்ச அடுப்புல இது வரைக்கும் ஏத்தல. உங்களுக்குச் சொன்ன சொல்லு."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். குளித்த காலோடு வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். நான் அவரைப் பாட்டிலுக்கு இந்தப் பக்கம், வெளிச்சம் எதிரே வருகிற மாதிரி நிறுத்தினேன். இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். குழாய் வாயில் வெள்ளையாக ஒரு முனை வந்தது. நீண்டது. விரிந்தது. காலை வெயில் அதற்குள் புகுந்து, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.

"எம்மா" என்றார் அக்கா, மெதுவாக. என் பக்கம் திரும்பாமலே, "இது இத்தன நாளும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

"இதவிடப் பெருசா இருந்துச்சுக்கா. கோடு போட்டுருக்கும்."

"என்னக் கண்டாத்தான் ஒளியுமா? ஒன்ன மாதிரில இருக்கு, மூதி." அது என்னையா விசிறியையா என்று கேட்கவில்லை. இரண்டுக்கும் பொருந்தியது. "என்ன திங்குது?"

"கலங்கலக்கா. தண்ணியில இருக்க கலங்கல அரிச்சு அரிச்சு எடுத்துக்கிடும்."

"அப்ப சைவமாளா?"

எனக்குத் தெரியவில்லை. இன்று வரை தெரியாது. "தெரியலக்கா" என்றேன். அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே கிணற்றடியிலிருந்து சம்பந்தக்காரியின் குரல். "மதினி, எங்க போயிட்டீக? அடுப்பங்கரையில என்ன பண்ணுதீக?" என்றபடி கம்பியருகே வந்து நின்றார். பாட்டில் மேல் நிழல் விழுந்தது. விசிறி போயே போய்விட்டது.

"ஏ மதினி, வெளிச்சத்த மறைக்காதீக, தள்ளி நில்லுங்க!" என்று அக்கா அதட்டினார். மகளின் மாமியார் என்பதையும் மறந்து, இப்படி அப்படி என்று கையை வீசினார்.

அந்த அம்மாள் திகைத்துப்போய் முல்லைக்கொடிப் பக்கம் நகர்ந்தார். ஜன்னலில் மறுபடியும் வெயில் விழுந்தது. அக்கா என் தோளில் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.